தெற்கு மாசி வீதி பக்கம் ஒரு லினன் துணிக்கடை: நம்பி வாங்கலாம், ஏன்னு சொல்றேன்

மதுரைல சட்டைக்கு நல்ல லினன் எங்க கிடைக்கும்னு கேக்குறவங்களுக்கு நான் இப்ப சொல்றது ஒரே ஒரு கடைதான். தெற்கு மாசி வீதிய ஒட்டின சந்துல மாடில இருக்கு, கீழ ரெடிமேட் கடை, ஓரமா குறுகலான படி ஏறிப் போகணும். வெள்ளை 60 லீ (லீன்னா லினன் நூலோட நம்பர், கூடக்கூட நூல் மெல்லிசு) ப்யூர் லினன் மீட்டர் 850 ரூபா, காட்டன் கலந்தது 420, ரெண்டுமே 58 இன்ச் பன்னா, அதாவது அகலம். பேரம் கிடையாது, ஆனா அளந்து கொடுக்கும்போது துணிய இழுத்துப் புடிச்சு அளக்க மாட்டாங்க, தளர விட்டுத்தான் அளப்பாங்க. துணி எடுக்கத் தெரிஞ்சவங்களுக்கு இதோட அருமை புரியும்.

அந்தக் கடைல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் அட்டை. ஒவ்வொரு பீஸ்லயும் ஒரு அட்டையக் கட்டித் தொங்கவிட்டிருக்காங்க, பேனால எழுதினது, பாவு (நீளவாக்குல ஓடுறது) என்ன நூல், ஊடை (குறுக்க ஓடுறது) என்ன நூல், எத்தன லீ, முதல் தண்ணில எவ்வளவு சுருங்கும், லினன் நூலுக்கான ஆளிச்செடி நார் எந்த நாட்டுலருந்து வந்துச்சுன்னு எல்லாம் இருக்கு. நான் ஒரு சாம்பல் கலர் பீஸ எடுத்ததும் கடைக்காரரே, "தம்பி, அது ப்யூர் இல்ல, பாவு காட்டன், ஊடைதான் லினன், ப்யூர் வேணும்னா அந்த மேல் ரேக்கப் பாருங்க"ன்னு சொன்னாரு. வேற ஒரு கடைல என் மச்சானுக்கு பாலியெஸ்டர் கலந்த துணிய ப்யூர் லினன்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க, ஒரு இழையப் பிரிச்சு நெருப்புல காட்டினா பஞ்சு மாதிரி சாம்பலாகாம உருகி உருண்டையா கெட்டியா நின்னுச்சு. அதனாலதான் இந்த அட்டைய நான் பெருசா பேசுறேன்.

மேல் ரேக் பீஸோட அட்டைல பெல்ஜியம்னு எழுதியிருந்துச்சு. துணி சரித்திரம்னா எனக்கு உயிரு, அதுலயும் அந்த ஊர்ப்பக்கம்னா இன்னும் கொஞ்சம் கூட, அதனால இத சொல்லாம போக முடியாது. இன்னைக்கு பெல்ஜியத்தோட வடக்குப் பகுதியா இருக்குற ஃப்ளாண்டர்ஸ்ல கென்ட், ப்ரூஜ், ஈப்பர்னு மூணு ஊரு, 1200, 1300கள்ல ஐரோப்பாவுல பணக்காரங்க உடுத்துற கம்பளித் துணின்னா முதல்ல இந்த ஊருங்கதான். ஆட்டு ரோமம்கூட அவங்களோடது இல்ல, நல்ல ரகமெல்லாம் இங்கிலாந்துலருந்து கப்பல்ல வரணும். இவங்ககிட்ட இருந்தது கைவேலையும் பேரும்தான். அந்தப் பேரக் காப்பாத்த அவங்க பண்ண ஏற்பாடுதான் ஈய முத்திரை. தறிலருந்து இறங்குனதும் ஒரு சோதனை, தொட்டித் தண்ணில மிதிச்சு இழைய இறுக்கி முடிச்சதும் ஒரு சோதனை, சாயம் போட்டதும் ஒரு சோதனை, நீளம் அகலம் இழை நெருக்கம் எல்லாம் பாத்து சரியா இருந்தா துணி ஓரத்துல சின்ன ஈயத்தகட்ட மடிச்சு நசுக்கி ஊர் அடையாளத்தக் குத்துவாங்க. இல்லன்னா அபராதம், சில சமயம் துணியவே கிழிச்சிடுவாங்க. எங்கயோ தூரத்துல இருக்குற வாங்குறவன் நெசவாளி மூஞ்சியப் பாக்க வேண்டியதில்ல, தகட்டப் பாத்தாப் போதும். ஈப்பர்ல இந்தத் துணி யாவாரத்துக்காகவே கட்டின மண்டபம் 100 மீட்டருக்கு மேல நீளம், 1304ல கட்டி முடிச்சாங்க. முதல் உலகப்போர்ல குண்டு விழுந்து தரைமட்டமாச்சு, அந்த ஊர்க்காரங்க விடாம 1967 வரைக்கும் பழையபடியே திருப்பிக் கட்டியிருக்காங்க.

ப்ரூஜ்ல இன்னொரு ஏற்பாடு. வெளிநாட்டு வியாபாரி வந்து இறங்கினா தங்குற சத்திரக்காரர்தான் அவருக்குத் தரகர், சரக்கு வைக்க குடோன், பணத்துக்கு ஜாமீன், எல்லாமே அவருதான். 1277லருந்து இத்தாலிப் பக்கத்து ஜெனோவாக்காரங்க கடல் வழியா கப்பல்லயே வர ஆரம்பிச்சாங்க, படிகாரம் கொண்டு வந்து இறக்குவாங்க, படிகாரம் இல்லாம பல சாயம் துணில நல்லா புடிக்காதுல்ல.

சாயம்னு வந்ததும் எங்க அப்பா ஞாபகம். சாயப்பட்டறைல இருந்தவரு, லீவு நாள்லகூட நகத்தடில நீலம் போகாது, கல்யாண வீட்டுப் பந்தில கைய இலைக்குக் கீழ வெச்சுக்கிட்டு உக்காருவாரு. ஃப்ளாண்டர்ஸ்ல இங்கிலாந்தோட யாவாரம் பண்ண பெரிய வணிகர் கூட்டமைப்புல "நீல நகம்" உள்ளவங்களச் சேர்க்க மாட்டாங்கன்னு படிச்சப்ப எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுச்சு. துணிக்கு மதிப்பக் கொடுத்தவன் கை அழுக்குன்னு வாசல்லயே நிறுத்திருக்காங்க. நெய்றவங்க, மிதிக்கிறவங்க, சாயம் போடுறவங்க உழைப்புல ஊரு கொழிச்சுச்சு, ஆனா ஊர் நிர்வாகம் பணக்கார வியாபாரிங்க கைல. மிதிக்கிற வேலைன்னா என்னன்னு தெரியுமா, நெய்த கம்பளிய தொட்டில போட்டு களிமண்ணும் பழைய மூத்திரமும் கலந்த தண்ணில நாள்கணக்கா கால் வெச்சு மிதிக்கணும், அப்பத்தான் இழை சுருங்கி இறுகும்.

அவங்க சும்மா இல்ல. 1302 ஜூலை 11, அதே ஃப்ளாண்டர்ஸ்ல கோர்ட்ரைக் ஊருக்கு வெளிய, பணக்கார வியாபாரிங்க பக்கம் நின்ன பிரெஞ்சு ராஜாவோட குதிரைப்படைய இந்த நெசவாளிங்களும் மிதிக்கிறவங்களும் கறிக்கடைக்காரங்களும் தரைல நின்னு ஈட்டியும் தடியும் வெச்சு அடிச்சு விரட்டினாங்க, செத்துப்போன பிரபுக்களோட தங்கக் குதிமுள்ளுகள (குதிரைய விரட்ட குதிகால்ல மாட்டுறது) நூத்துக்கணக்குல எடுத்து சர்ச்ல தொங்கவிட்டாங்க. அவங்களக் கிளப்பி விட்டவங்கள்ல முக்கியமானவர் பீட்டர் டி கோனிங்க், ப்ரூஜ் நெசவாளி. அதுக்கப்புறம்தான் தொழிலாளிச் சங்கங்களுக்கு நகரசபைல இடம் கிடைச்சது.

ஆனா அவங்களப் புனிதர்களா ஆக்க நான் தயாரில்ல. கையில அதிகாரம் வந்ததும் கென்ட்காரங்க சுத்துப்பட்டு கிராமத்துல யாரும் தறி போடக்கூடாதுன்னு ஆள் அனுப்பி தறிய உடைச்சிருக்காங்க. 1336ல இங்கிலாந்து ராஜா மூணாம் எட்வர்ட் ரோமம் அனுப்புறத நிறுத்தினதும் தறி நின்னு ஊரே பட்டினி, அத யாக்கோப் வான் ஆர்டெவெல்டன்னு ஒருத்தர் பேசித் தீத்து வெச்சாரு. நூல் வரலைன்னா தறிக்காரன் வீட்ல உலை வைக்க முடியாதுங்கறது நம்ம பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. 1345 மே மாசம் அதே கென்ட்ல கூலித் தகராறு முத்தி நெசவாளிங்களும் மிதிக்கிறவங்களும் வெள்ளிக்கிழமைச் சந்தை மைதானத்துல ஒருத்தர ஒருத்தர் வெட்டிக்கிட்டாங்க, மிதிக்கிறவங்க தரப்புல செத்தவங்க ஏராளம். ஒரே துணில வேலை செஞ்சவங்க.

இங்கிலாந்து சொந்தமா நெய்ய ஆரம்பிச்சதும் இந்த ஊருங்களோட கம்பளி கொஞ்சம் கொஞ்சமா படுத்துடுச்சு. அப்ப கிராமங்கள்ல தலையெடுத்ததுதான் லினன், கோர்ட்ரைக் பக்கம் அதுக்குப் பேர் போனது. ஆளிச்செடிய அறுக்க மாட்டாங்க, வேரோட புடுங்குவாங்க, நார் முழு நீளத்துக்குக் கிடைக்கணும்னு. தண்ணில ஊறப்போட்டோ வயல்லயே பனில கிடக்க விட்டோ தண்ட அழுக வெச்சு, அடிச்சு, சீவி, அப்புறம்தான் நூல். ப்ரூஜ்ல இருந்த ஓவியர் யான் வான் ஐக் 1434ல வரைஞ்ச அர்னோல்ஃபினி தம்பதி படத்த நெட்ல பெருசு பண்ணிப் பாருங்க, அந்தம்மா தலைல இருக்குற வெள்ளை லினனோட ஓரம் அடுக்கடுக்கா சுருக்கம் வெச்சது, ஒவ்வொரு மடிப்பையும் மனுஷன் தனித்தனியா வரைஞ்சிருக்காரு. துணிய மதிக்கிற ஊருல இருந்தவராலதான் அப்படி வரைய முடியும்.

சரி, சட்டைக்கு வர்றேன். தைச்சுப் போட்டு மே மாச வெயில்ல பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கும் மாட்டுத்தாவணிக்கும் அலைஞ்சேன், வேர்வைய உடனே இழுத்து உடனே காஞ்சுடுது, முதுகுல ஒட்டல. புதுசுல கொஞ்சம் முரடா இருக்கும், துவைக்கத் துவைக்க இளகிடும், நனைஞ்சா இழை இன்னும் பலமாகும், அதனால துவைக்கப் பயப்பட வேண்டாம். வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா இழை அங்கங்க தடிச்சுத் தெரியும், அது குறை இல்ல, நாரோட இயல்பே அப்படித்தான். கசங்கும், உக்காந்து எந்திரிச்சாலே கசங்கும், அது புடிக்காதவங்க காட்டன் கலந்ததுக்குப் போங்க. சுருக்கம் அட்டைல போட்டிருந்த அளவுதான் வந்துச்சு, கூடல.

குறைன்னா, மாடில வெளிச்சம் பத்தாது, கலர் துணின்னா படில இறங்கி வாசலுக்குக் கொண்டு வந்து பாத்துடுங்க, அவரே "கொண்டு போய் பாருங்க தம்பி"ம்பாரு. பொம்பளைங்களுக்கு சேலை ரகம் ரொம்பக் கம்மி. வெட்டின துணிய மாத்தித் தர மாட்டாங்க. இன்னொன்னு, அட்டைல நூல் வந்த நாடு இருக்கு, சாயம் போட்ட பட்டறை இல்ல. நம்ம சுங்குடிக்கு 2005லயே புவிசார் குறியீடு வந்தாச்சு, ஊரு பேருக்குக் காப்பு இருக்கு, சாயம் போட்ட கைக்கு எந்த அட்டைலயும் இடமில்ல. இத நேராவே அவருகிட்ட கேட்டேன், "நீங்க சொல்றது ஞாயம்தான், அடுத்த சரக்குல எழுதிடுவோம்"னாரு. எழுதணும், நான் போய்ப் பாப்பேன்.

5க்கு 4 ஸ்டார் தாராளமா கொடுக்கலாம். முதல்ல போறவங்க சாயம் போடாத இயற்கை நிற 60 லீய எடுங்க, முழுக்கைக்கு ஒண்ணே முக்கால் மீட்டர், தைக்கக் கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி தண்ணில ஊறப்போட்டு நிழல்ல காயவெச்சுக் கொடுங்க. ஞாயித்துக்கிழமை லீவு, மத்த நாள்ல சாயங்காலம் கூட்டம் ஜாஸ்தி, காலைல பதினொரு மணிக்குள்ள போனா நிதானமா எடுத்துக் காட்டுவாங்க.