தடித்த தோலில் வார்த்துளை இடும் பஞ்ச் வாங்குவோர் கவனத்திற்கு

சென்னைப் பெரியமேட்டில் தோல் கருவிகள் விற்கும் ஒரு கடையில், ‘ஹை கார்பன் ஸ்டீல், தடித்த தோலுக்கு உகந்தது’ என்ற உறுதியுடன் எனக்கு விற்கப்பட்ட, பெல்ட் நுழையும் நீளத் துளையை அடித்து வெட்டும் நீள்வட்டப் பஞ்ச், தடித்த தோலுக்கு உகந்ததும் அன்று, முறையாகப் பதமேற்றியதும் (சூடேற்றிக் கடினமாக்கியதும்) அன்று. கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். கருவியின் குறைகளை அடையாளம் காணத் தெரிந்தால், எந்தக் கடையிலும் அதை ஒதுக்கிவிடலாம்.

நான் துப்பாக்கி உரிமம் பெற்றவர்களுக்கும் காவல் பணியாளர்களுக்கும் கைத்துப்பாக்கி உறைகளைக் கையால் தைத்துக் கொடுக்கிறேன். குரோம் உப்பில் பதனிட்ட தோல், ஈரமாக இருக்கும்போது துப்பாக்கிக்கு ஏற்ப அழுத்தி வார்த்த வடிவத்தை நிறுத்தி வைக்காது என்பதால், இதற்கு மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலே வேண்டும். 3.5 மி.மீ. தடிமனுள்ள இரண்டு அடுக்குகளை ஒட்டும்போது, பெல்ட் நுழையும் துளை இருக்கும் இடத்தில் தோல் 7 மி.மீ. ஆகிவிடுகிறது. துப்பாக்கியின் எடை முழுவதையும் அந்தத் துளைகளின் ஓரங்களே தாங்குவதால், துளையின் இரு முனைகளும் அரைவட்டமாக இருக்க வேண்டும். மூலையோ வெட்டுக்காயமோ இருந்தால் கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

வாங்கி வந்த பஞ்ச், கழிவுத் தோலின் ஒற்றை அடுக்கில் ஒருவாறு இறங்கியது. இரண்டு அடுக்கில் வைத்துக் கொட்டாப்புளியால் அடித்தபோது பாதியில் நின்றுவிட்டது. மேலும் அடித்ததில் மேல்முகம் பிதுங்கி எழுந்தது, அடிமுகமோ பிசிறு பிசிறாகக் கிழிந்தது. துளை மேலே அகன்றும் கீழே குறுகியும் இருந்ததால், ஒன்றரை அங்குல பெல்ட் மேற்பக்கம் நுழைந்து அடிப்பக்கம் சிக்கியது. வெட்டுமுனையை உருப்பெருக்கியில் பார்த்தபோது ஒரு பக்கம் மடிந்திருந்தது. தோலில் அடித்ததற்கே மடிகிற விளிம்பைப் பதமேற்றிய எஃகு என்று எப்படிச் சொல்ல முடியும்? கீழே வைத்திருந்தது கருங்கல் மேல் பரப்பிய பிளாஸ்டிக் வெட்டுப்பலகை என்பதால், கல்லில் இடித்து மடிந்தது என்ற வாதத்திற்கும் இடமில்லை.

இதைவிடப் பெரிய குறை, பஞ்சின் உள்ளே இருக்கும் உட்குழிவில் இருந்தது. வெட்டுண்ட தோல்துண்டு சிக்காமல் மேலேறி வெளியேற வேண்டுமானால், குழிவு விளிம்பிலிருந்து மேல்நோக்கிச் சற்றே அகன்று செல்ல வேண்டும். இதில் அது மேலே குறுகியிருந்தது. முதல் துண்டு உள்ளே இறுகிக்கொண்டது. அடுத்த அடியில் அந்தத் துண்டே தோலை அழுத்தியதால், வெட்டு நடக்காமல் நசுக்கல் மட்டும் நடந்தது. போதாக்குறைக்கு, சுவர் தடிமனாகவும் வெளிச்சரிவு மழுங்கலாகவும் இருந்ததால், பஞ்ச் ஆப்பு போலத் தோலைப் பிளந்துகொண்டு இறங்கியது. சாணை பிடித்தால் விளிம்பைச் சரிசெய்யலாம். உட்குழிவைச் சரிசெய்ய முடியாது.

கடைக்காரரிடம் எடுத்துச் சென்றபோது, ‘பயன்படுத்திய கருவியைத் திரும்ப வாங்குவதில்லை’ என்றார். பயன்படுத்தாமல் குறை எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, தோலை நன்றாக நனைத்துவிட்டு அடிக்கச் சொன்னார். இலேசான ஈரம் வெட்டுக்கு உதவும் என்பது உண்மை. ஊறிய தோலோ அடியில் இழுபட்டு, உலர்ந்தபின் துளையின் வடிவம் கெட்டுவிடும். பணத்தை இழந்ததைவிட, தொழில் தெரிந்தவர்போல் அவர் சொன்ன இந்த யோசனைதான் என்னை உறுத்தியது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்திற்குள்ளும், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறையாகும். பில் தர மறுப்பதும் அவ்வாறே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆகவே பில் கேட்டு வாங்குங்கள். அதில் ‘7 மி.மீ. தோலுக்கு’ என்று கடைக்காரர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அந்தத் தயக்கமே போதிய பதில்.

கடையிலேயே சோதிப்பதானால், ஒரு சிறிய ஊசி அரத்தைக் கையோடு கொண்டு சென்று, அனுமதி பெற்று விளிம்பை ஒட்டிய பக்கவாட்டில் இலேசாக உரசிப் பாருங்கள்: பதமேற்றிய எஃகில் அரம் வழுக்கும், மென்மையான இரும்பில் எளிதாகப் பற்றும். குழிவை வெளிச்சத்தில் பிடித்து, மேல்நோக்கி அகல்கிறதா என்று பார்க்கவும். காகிதத்தில் அழுத்தி, இரு முனைகளும் ஒரே அரைவட்டமாகப் பதிகின்றனவா என்று காண்பது கடைசி.

நல்ல பஞ்ச் கிடைக்கும்வரை நான் பழைய முறைக்கே திரும்பியிருக்கிறேன். துளையின் இரு முனைகளிலும் 6 மி.மீ. வட்டப் பஞ்சால் பொத்தலிட்டு, இடைப்பட்ட இரு கோடுகளையும் அகலமான தட்டை உளியை நேர்செங்குத்தாக நிறுத்தி வெட்டி இணைக்கிறேன். உளி சாய்ந்தால் அடிமுகத்தில் கோடு விலகிவிடும் என்பதால் நேரம் அதிகம் பிடிக்கிறது; வெட்டு மட்டும் சுத்தமாக வருகிறது. 1915-இல் புகாரும் பதிவு செய்துள்ளேன். கடையிலிருந்து பதில் வந்தால் அதையும் சேர்த்து எழுதுகிறேன்.