வாடிக்கையாளர் ஒருவரிடமும் பேசாமல் அவர்களுக்காக எழுதித் தந்த நிறுவனம்: ஓர் எச்சரிக்கை

காது கேட்கும் கருவிகளை விற்றுப் பராமரித்தும் தரும் சிறு நிறுவனம் ஒன்றில் விளம்பரப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. எங்கள் வாடிக்கையாளர்களின் மனத்தைத் தொடும்படி கட்டுரைகளும் மின்னஞ்சல்களும் சமூக ஊடகப் பதிவுகளும் எழுதித் தருவதாக உறுதியளித்த ஒரு கன்டென்ட் நிறுவனத்திடம் ஓராண்டு வேலையை ஒப்படைத்தோம். ஒன்பது மாதங்களும் பணத்தின் பெரும்பகுதியும் போன பிறகே விழித்துக்கொண்டோம். இத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட இருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

உங்கள் வாடிக்கையாளர் யார் என்பதை நாங்களே ஆராய்ந்து சொல்கிறோம் என்றார்கள் முதல் கூட்டத்தில். பத்தே நாளில் மூன்று ‘பெர்சோனா’க்கள், அதாவது எங்கள் வாடிக்கையாளர் இப்படிப்பட்டவர் என்று காட்டும் மாதிரி மனிதர்கள், வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கற்பனைப் பெயர், சிரித்த முகம், வயது, வருமானம், பொழுதுபோக்கு, கவலைகள் என எல்லாம் கச்சிதமாக இருந்ததால் நாங்களும் அதை ஆராய்ச்சி என்றே நம்பினோம். ஏழு மாதம் கழித்து வேறொரு தேவைக்காக அந்தக் கோப்பைத் திறந்தபோது, மூன்றாவது பெர்சோனாவின் கவலைகள் பட்டியலில் கடைசி வரி என் கண்ணில் பட்டது: “முகப்பரு வடுக்கள் முழுமையாக மறையுமா என்ற தயக்கம்.” தோல் பராமரிப்புப் பொருள் விற்கும் வேறு யாருக்கோ செய்ததில் பெயரையும் படத்தையும் மாற்றித் தந்திருக்கிறார்கள். நேரில் கேட்டபோது அவர்கள் அதை மறுக்கவும் இல்லை.

பெர்சோனா என்ற முறையையே நான் குறை சொல்லவில்லை. 1999-இல் மென்பொருள் வடிவமைப்பாளர் ஆலன் கூப்பர் அதைத் தன் துறை வடிவமைப்பாளர்களிடையே பரவலாக அறியச் செய்தபோது, உண்மையான பயனர்களிடம் பேசித் தெரிந்துகொண்டதைத் திரட்டி ஒரு மனிதராக உருவகிப்பதே அதன் உயிர்நாடியாக இருந்தது. அந்தப் பேச்சு நடக்காமல் உருவாகும் பெர்சோனா வெறும் ஊகம். எங்களிடம் வேலை எடுத்தவர்கள் ஒன்பது மாதத்தில் ஒரு வாடிக்கையாளரிடம்கூடப் பேசவில்லை; எங்கள் சேவைப் பிரிவின் அழைப்புப் பதிவேட்டைக் கேட்கவும் இல்லை.

அந்தப் பதிவேட்டில்தான் எல்லாமே இருந்தது. கருவிக்காக எங்களை முதலில் அழைப்பவர் பெரும்பாலும் அதை அணியப்போகும் முதியவர் அல்லர். அவருடைய மகனோ மகளோதான். “கருவியை மாட்டினால் தட்டும் கரண்டியும் மோதுகிற சத்தம்தான் இடி மாதிரி கேட்கிறது, நீங்கள் பேசுவது கேட்கவில்லை என்று சொல்லி அப்பா மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார், இனி என்ன செய்வது?” என்று ஒரு மகள் கேட்டது அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. நெடுநாள் கேளாத சிறு ஒலிகள் திரும்பக் கேட்கும்போது மூளை அவற்றுக்குப் பழகச் சில வாரங்கள் பிடிக்கலாம், கருவியின் அமைப்பையும் ஒன்றிரண்டு முறை திருத்த வேண்டியிருக்கலாம் என்ற விளக்கத்துக்காகத்தான் அவர் காத்திருந்தார். எங்களுக்கு வந்த கட்டுரைகளோ “தெளிவாகக் கேளுங்கள், வாழ்வைக் கொண்டாடுங்கள்” என்ற தொனியிலேயே இருந்தன. நிறுவனத்தின் பெயரை மாற்றினால் மூக்குக்கண்ணாடிக்கும் மெத்தைக்கும்கூட அவை பொருந்தும். பெற்றோருக்காகக் கவலைப்பட்டு வந்த ஒருவருக்கு இதையா கொடுத்தோம் என்று நினைக்கும்போது இன்றும் மனம் வலிக்கிறது.

மாதாந்திர அறிக்கைகள் எங்களை இன்னும் ஏமாற்றின. “ஈடுபாடு கொண்ட வாசகர்கள்” என்று ஒரு பெரிய எண்ணிக்கை முதல் பக்கத்திலேயே இருக்கும். இணையதளத்துக்கு வருவோரைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் ஒரு வருகை 10 விநாடிக்கு மேல் நீடித்தாலே அது ஈடுபாடுள்ள வருகையாகக் கணக்கில் சேர்ந்துவிடும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது, அவர்களும் சொல்லவில்லை. படித்தவர்களில் எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் பரிசோதனைக்கு நேரம் குறித்தார்கள் என்ற விவரம் ஒரு மாத அறிக்கையிலும் இல்லை.

பிரிந்து வரும்போது இன்னொரு சிக்கல் காத்திருந்தது. அனலிட்டிக்ஸ், கூகுள் தேடலில் எங்கள் தளம் எப்படித் தோன்றுகிறது என்று காட்டும் சர்ச் கன்சோல் இரண்டையும் அவர்கள் தங்கள் கணக்கிலேயே தொடங்கியிருந்தார்கள். சர்ச் கன்சோலை எங்கள் பெயரில் உறுதிப்படுத்திக்கொள்ள முடிந்தது. அது கடந்த 16 மாதத் தேடல் விவரங்களை வைத்திருப்பதால் அந்த அளவில் தப்பித்தோம். அனலிட்டிக்ஸ் விவரங்கள் இன்றுவரை கைக்கு வரவில்லை. ஆகவே இந்தக் கணக்குகளை முதல் நாளே உங்கள் பெயரில் திறந்து, வேலை எடுப்பவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். எழுதியவற்றின் உரிமை யாருக்கு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். எத்தனை வாடிக்கையாளர்களிடம் பேசப்போகிறீர்கள் என்று கேளுங்கள். அந்த உரையாடல்களின் குறிப்புகளைக் காட்டிய பிறகே முதல் தவணை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அவர்கள் தந்தவற்றில் பெரும்பாலானவற்றை நீக்கிவிட்டோம். அந்த மகளின் கேள்வியையே, அவருடைய அனுமதியோடு, தலைப்பாக வைத்து எங்கள் சேவைப் பிரிவில் இருப்பவரே ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு அழைப்பவர்கள் “எங்கள் வீட்டிலும் இழுப்பறையில்தான் கிடக்கிறது” என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.