இரண்டு சர்வர் கிளஸ்டர்: கையெழுத்திடும் முன் மின்கம்பியைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள்

கணக்கு, கிடங்கு, மின்னஞ்சல் என எங்கள் அலுவலகத்தின் அனைத்து வேலைகளும் நடக்கும் சர்வர்களை அமைத்துத் தந்த நிறுவனம், எழுதிக்கொடுத்த உறுதியை நிறைவேற்றாமலேயே முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டது. பணத்தைத் திரும்பப் பெறும் முயற்சி நடந்துகொண்டிருப்பதால் அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதே போன்ற அமைப்பை வாங்கவிருப்பவர்கள் எங்களைப் போல் ஏமாறக்கூடாது என்பதற்காக, நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரே மாதிரியான இரண்டு சர்வர்கள், இரண்டு சுவிட்சுகள், அவற்றின்மேல், சர்வர்களை ஒரே தொகுப்பாக (கிளஸ்டராக) இணைத்து இயக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருள். ஒரு சர்வர் நின்றுவிட்டால் அதிலிருந்த மெய்நிகர் கணினிகள் (சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கப்பட்டு ஓடும் தனித்தனிக் கணினிகள்) மற்றொன்றில் தாமாகவே எழுந்துகொள்ளும். இதுதான் ஒப்பந்தம். ஒப்படைப்பு நாளன்று, ஓடிக்கொண்டிருந்த ஒரு மெய்நிகர் கணினியை முதல் சர்வரிலிருந்து இரண்டாவதற்கு நகர்த்திக் காட்டினார்கள். அந்தக் கணினி பதிலளிக்கிறதா என்று சோதித்தபடி விடாமல் ஓடிய பிங்கில் ஒரே ஒரு பதில்தான் தவறியது. நாங்களும் மகிழ்ந்து கையெழுத்திட்டோம். அவர்கள் காட்டியது லைவ் மைக்ரேஷன். இரண்டு சர்வர்களும் உயிரோடு இருந்து ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும்போது மட்டுமே அது நடக்கும். ஒரு சர்வர் திடீரென்று இறந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அதில் எந்த விடையும் இல்லை என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது மாதம், மெய்நிகர் கணினிகளின் எண்ணிக்கை கூடியபின், சில இரவுகளில் இரண்டு சர்வர்களும் சில நொடி இடைவெளியில் தாமாகவே மறுதொடக்கம் ஆகத் தொடங்கின. காலையில் வந்து பார்த்தால் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் கணக்குத் தரவுத்தளம் திடீர் நிறுத்தத்திலிருந்து தன்னைச் சீர்செய்துகொண்டிருக்கும், அன்றைய பேக்கப் பாதியில் அறுந்து கிடக்கும். மின்சாரத்தில்தான் கோளாறு என்று அந்த நிறுவனம் உறுதியாகச் சொல்லி, புதிய யுபிஎஸ் ஒன்றை எங்கள் தலையில் கட்டியது. அடுத்த வாரமே அதே மறுதொடக்கம்.

அதன்பிறகுதான் நானே உட்கார்ந்து பதிவுகளைப் படித்தேன். இரவு பேக்கப் தொடங்கிய சிறிது நேரத்தில், மற்ற சர்வருடனான இணைப்பு விழுந்துவிட்டதாக, சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் கோரோசின்க் என்ற நிரல் எழுதியிருந்தது. அதைத் தொடர்ந்து கோரம் (கிளஸ்டர் இயங்கத் தேவையான பெரும்பான்மை) இழப்பு, பிறகு மறுதொடக்கம். ஒவ்வொரு முறையும் இதே வரிசைதான். இரண்டு சர்வர் கிளஸ்டரில் ஆளுக்கு ஓர் ஓட்டு. பெரும்பான்மை என்றால் 2 ஓட்டும் வேண்டும். இணைப்பு அறுந்தவுடன் இரண்டுமே பெரும்பான்மையை இழக்கின்றன. ஹெச்.ஏ. (சர்வர் நின்றால் மற்றொன்றில் தானாக எழுப்பும் வசதி) இயக்கப்பட்ட மெய்நிகர் கணினிகள் ஓடும் சர்வர் ஏறத்தாழ 60 நொடிகள் பெரும்பான்மை இல்லாமல் இருந்தால், ஒரே வட்டை இருவர் எழுதிக் கெடுத்துவிடக்கூடாது என்பதற்காக வாட்ச்டாக் என்ற காவல் அமைப்பு அதை மறுதொடக்கம் செய்துவிடும். மென்பொருள் தன் கடமையைச் சரியாகத்தான் செய்தது. இன்னும் யோசித்தால் நெஞ்சு பதறுகிறது: உண்மையிலேயே ஒரு சர்வர் இறந்திருந்தால், நல்ல நிலையில் இருக்கும் மற்றொன்றும் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டு, ஒரு மெய்நிகர் கணினியைக்கூடக் கிளப்ப முடியாமல் நின்றிருக்கும். ஒரே சர்வர் வைத்திருந்த காலத்தைவிட மோசமான நிலையைத்தான் நாங்கள் விலைகொடுத்து வாங்கியிருந்தோம்.

இணைப்பு ஏன் விழுந்தது என்று அறிய ரேக்கின் பின்புறம் சென்று கேபிள்களைக் கையால் தடவிக்கொண்டே போனேன். பாண்டிங்குக்கான, அதாவது ஒன்று அறுந்தாலும் மற்றொன்று தாங்கும்படி இணைக்கப்பட்ட, இரண்டு கேபிள்களும் ஒரே நெட்வொர்க் கார்டின் அடுத்தடுத்த இரண்டு போர்ட்டுகளிலிருந்து கிளம்பி, ஒரே சுவிட்சின் 7, 8 ஆம் போர்ட்டுகளில் போய்ச் சேர்ந்தன. இரண்டாவது சுவிட்சில் மின்விளக்கு எரிந்தது; ஆனால் ஒரு கேபிள்கூடச் செருகப்படவில்லை. ஆக்டிவ்-பேக்கப் முறை என்பதால் எந்த நேரத்திலும் ஒரு கேபிள்தான் வேலை செய்யும். அந்த ஒற்றை 1 ஜிகாபிட் பாதையில்தான் பயனர் போக்குவரத்து, பேக்கப், கோரோசின்க் மூன்றும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. கோரோசின்குக்கு அகலமான பாதை தேவையில்லை, ஆனால் தாமதம் துளியும் ஆகாது. பேக்கப் பாதையை அடைத்ததும் அதன் குரல் எடுபடாமல் போய்விட்டது.

இதையெல்லாம் படம் எடுத்து அனுப்பியபோது, ஒரு சர்வர் போனாலும் பெரும்பான்மை நிலைக்க மூன்றாவது ஓட்டுக்கு ஒரு மெய்நிகர் கணினியை அதே கிளஸ்டருக்குள் வைத்துத் தருகிறோம் என்று பதில் வந்தது. அது ஓடும் சர்வர் இறந்தால் அந்த ஓட்டும் கூடவே இறக்கும் என்ற அடிப்படைகூடத் தெரியாதவர்களிடம் வேலையைக் கொடுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு நொடித் தரவும் இழக்காது என்று அவர்கள் சொன்னதும் பொய்யே: இரண்டு சர்வர்களும் பகிரும் பொதுச் சேமிப்பகம் இல்லாமல், ஒன்றின் தரவை மற்றொன்றுக்கு நகலெடுக்கும் இசட்எஃப்எஸ் பிரதியெடுப்பை 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்று விட்டிருந்தார்கள். கடைசிப் பிரதிக்குப் பின் எழுதப்பட்டது போனது போனதுதான்.

இப்போது நாங்களே திருத்திவிட்டோம். கிளஸ்டருக்கு வெளியே ஒரு பழைய சிறு கணினியில், ஓட்டு மட்டும் போடும் க்யூடிவைஸ் அமைத்து மூன்றாவது ஓட்டைக் கொடுத்தோம். பாண்டிங்கின் இரண்டு கேபிள்களையும் வெவ்வேறு கார்டிலிருந்து வெவ்வேறு சுவிட்சுக்குக் கொண்டுசென்றோம். கோரோசின்குக்கு இரண்டு சர்வர்களுக்கிடையே நேரடியாக ஒரு தனிக் கேபிள் போட்டு, பழைய பாதையை அதற்கு மாற்று வழியாக வைத்தோம். பேக்கப்புக்கு வேக வரம்பும் விதித்தோம். பிறகு ஒரு விடுமுறை நாளில், பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் சர்வரின் இரண்டு மின்கம்பிகளையும் பிடுங்கினேன். ஏறத்தாழ 2 நிமிடத்தில் அதன் மெய்நிகர் கணினிகள் மற்றொன்றில் எழுந்தன. அடுத்து ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்த்தோம், ஒன்றும் நிற்கவில்லை.

இந்தச் சோதனைக்கு அரைநாள்கூட ஆகவில்லை. ஒப்படைப்பின்போது உங்கள் கண்முன்னே இதைச் செய்ய மறுக்கும் எவரிடமும் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். யுபிஎஸ்ஸுக்குக் கொடுத்த தொகையையும் நிறுவும் கட்டணத்தையும் திருப்பித் தரும்படி படங்கள், பதிவுகளோடு கடிதம் அனுப்பியிருக்கிறோம். ஒப்படைப்புச் சான்றில் நாங்கள் இட்ட கையெழுத்தின் நகலை மட்டும்தான் இதுவரை பதிலாக அனுப்பியிருக்கிறார்கள்.