வீடியோவுல இருந்து ஆடியோ மட்டும் எடுக்க எஃப்எஃப்எம்பெக்: கும்மிப் பாட்டுக்கு யூஸ் பண்ணி பாத்த அனுபவம்

பெருந்துறைல இருக்கற மச்சான் ஒருத்தரு நேத்து போன் பண்ணி கேட்டாருங்க, வீடியோவுல இருந்து பாட்ட மட்டும் தனியா எடுக்கோணும், காசில்லாம எந்த சாப்ட்வேர் நல்லா இருக்கும்னு. நான் யூஸ் பண்றது எஃப்எஃப்எம்பெக் (FFmpeg), காசில்லாத சாப்ட்வேருதான், ஆனா பட்டன் எதுவும் இருக்காது, கருப்பு ஜன்னல்ல கமாண்ட் டைப் பண்ணித்தான் ஓட்டோணும். போன்லயே சொல்லி முடிக்க முடியல, அதான் எழுதிப் போடறேன். வீடியோ ஓட்டற விஎல்சி, ஆடியோ வெட்டி ஒட்டற ஆடாசிட்டி எல்லாம் உங்களுக்கே தெரியும், அத மறுபடி வெளக்கல.

எனக்கு இந்த வேலையே வள்ளி கும்மியாலதாங்க வந்துச்சு, வள்ளி முருகன் கதையப் பாடி கைதட்டி ஆடற ஆட்டம். 2024ல கோயமுத்தூர் பக்கத்து பத்ரப்பன் ஐயாவுக்கு இந்தக் கலைக்காக பத்மஸ்ரீ குடுத்தாங்க, அதுக்கு முன்னாடி இருந்தே நம்ம பக்கம் ஊரூருக்கு பழகிட்டுத்தான் இருக்கறாங்க. எங்கூர்லயும் சாயங்காலமானா மாரியம்மன் கோயல் முன்னாடி சின்னப்புள்ளைக தொட்டு அம்மாயிக வரைக்கும் வரிசையா வந்து நின்னுருவாங்க. வாத்தியாரு வராத நாள்ல போன அரங்கேற்றத்துல அவரு பாடுன வீடியோதான் கதி, அதுல இருந்து பாட்ட எடுத்து ஸ்பீக்கர்ல போட்டாத்தான் ஆட்டம் நடக்கும்.

கும்மின்னா கைத்தட்டுதாங்க உயிரு. ஆனா எம்பி3க்கு ஆகாத சத்தமும் அந்த மாதிரி பட்டுனு விழற சத்தந்தான். எம்பி3 பாட்ட சின்னச்சின்னத் துண்டா வெட்டித்தான் சுருக்கும், 44.1 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு துண்டு 26 மில்லிசெகண்டு கிட்ட வரும், பிட்ரேட்ட (ஒரு செகண்டு பாட்டுக்கு எவ்வளவு டேட்டாங்கற கணக்கு) கம்மியா வெச்சா சுருக்கறப்ப வர்ற இரைச்சல் அந்தத் துண்டு முழுக்கப் பரவி, கை தட்டறதுக்கு ஒரு நொடிப்பொழுது முன்னாடியே ஸ்ஸ்னு ஒரு இழுப்பு கேக்கும். கூட்டமா தட்டறப்ப தட்டு தட்டாவே இருக்காது, மணல சலிக்கற சத்தமாட்ட ஆயிரும். விஎல்சில கன்ட்ரோல் ஆர் அமுக்கி ஆடியோ எம்பி3ன்னு குடுத்தா அது எடுத்துக்கற பிட்ரேட்டு 128 கேபிபிஎஸ்தான். பேச்சுக்கு, பிரசங்கத்துக்கெல்லாம் அது தாராளம், கும்மிக்குப் பத்தாது. (பக்கத்துல இருக்கற ஸ்பேனர் படத்த அமுக்கி உள்ள போனா ஒரிஜினல் ட்ராக்க அப்படியே வெச்சுக்கன்னு ஒரு டிக் இருக்குது, அந்தப் பக்கம் ஆரும் போறதில்ல.)

இதவிட எனக்குக் கோவம் வர்றது, எம்பி3ய 320 கேபிபிஎஸ்ல போட்டா குவாலிட்டி ஏறும்னு சொல்றவங்க மேலதாங்க. நெட்ல ஒரு ஃப்ரீ கன்வெர்ட்டர் இதையே பெருசா போட்டு டவுன்லோடு பண்ண வெக்குது, பேரு வேண்டாம். போன் வீடியோவுல இருக்கற ஆடியோ பெரும்பாலும் ஏஏசிங்க, அதுவும் எம்பி3 மாதிரி சுருக்கற முறைதான், ரெக்கார்டு ஆகறப்பவே சுருக்கித்தான் பதிவாகியிருக்குது, அப்ப போனது போனதுதான், 320 இல்ல எத்தன போட்டாலும் அது திரும்பி வராது. ஃபைல்தான் பெருசாகும்.

இங்கதான் எஃப்எஃப்எம்பெக். 2000ல ஃபேப்ரிஸ் பெல்லார்டுன்னு ஒரு பிரெஞ்சுக்காரரு ஆரம்பிச்சது, விஎல்சிக்குள்ள ஓடறதுலயும் இதோட லைப்ரரிக இருக்குது. கமாண்ட்ல எஃப்எஃப்எம்பெக்னு அடிச்சு, மைனஸ் ஐ போட்டு வீடியோ பேரு, படம் வேண்டாங்கறதுக்கு மைனஸ் விஎன், அப்பறம் மைனஸ் சி கோலன் ஏ போட்டு காப்பி, கடைசியா எம்4ஏன்னு (ஏஏசி ஆடியோவ வெக்கற ஃபைல் வகை) முடியற ஒரு பேரு, அவ்வளவுதாங்க. ஆடியோவ மறுபடி சுருக்காது, உள்ள இருக்கறத அப்படியே உருவி வெளிய வெச்சுரும். ஒரு மணி நேர அரங்கேற்ற வீடியோ, என்டர் தட்டிட்டு நிமுந்து பாக்கறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. ஹெட்போன் போட்டுக் கேட்டா சலங்கை தனியா, தட்டு தனியா, வாத்தியாரு மூச்சு வாங்கறது வரைக்கும் வீடியோவுல எப்படியோ அப்படியே இருக்குது. எனக்கு மெய்சிலிர்த்துருச்சுங்க.

மைக்செட்காரங்க பொட்டி சிலது எம்4ஏ எடுக்காது, அங்க எம்பி3தான் வேணும். அப்ப ஒரிஜினல் வீடியோவுல இருந்து ஒரே ஒரு தடவ, மைனஸ் சி கோலன் ஏ காப்பிக்குப் பதிலா மைனஸ் கியூ கோலன் ஏ 2ன்னு போட்டு, கடைசிப் பேர எம்பி3ன்னு முடிச்சு மாத்துங்க, சுமாரா 190 கேபிபிஎஸ்ல வரும், தட்டு கெடாது. ஏற்கனவே ஆரோ மாத்துன எம்பி3ய வாங்கி மறுபடி மாத்தாதீங்க.

இவ்வளவு சொல்லிட்டு மார்க்குன்னு கேட்டா அஞ்சுக்கு மூணுதான் போடுவேன். சித்திதான் எங்கூர்ல கும்மிப் பழக்கத்த முன்ன நின்னு நடத்தறவங்க, அவங்களுக்காக அந்தக் கமாண்ட எழுதி வெச்ச ஒரு பேட்ச் ஃபைல் பண்ணி டெஸ்க்டாப்ல வெச்சேன், வீடியோவ இழுத்து அதுமேல போட்டா எம்4ஏ வந்துரும். நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. அப்பறம் ஸ்டுடியோக்காரரு குடுத்த எம்ஓவி ஃபைல போட்டாங்க, அதுல ஆடியோ பிசிஎம், அதாவது சுருக்காத ஆடியோ, எம்4ஏ அத ஏத்துக்காது, கமாண்ட்ல வெளிய வர்ற ஃபைல் பேர வேவ்னு மாத்துனா போதும் வந்துரும். ஆனா அது சித்திக்கு எப்படிங்க தெரியும்? கருப்பு ஜன்னல்ல என்னமோ இங்கிலீஷ்ல வந்து மறைஞ்சிருச்சு, கம்ப்யூட்டரு கெட்டுப்போச்சோன்னு பயந்து அன்னைக்கிப் பழக்கமே நடக்கல. எஃப்எஃப்எம்பெக்குக்கு பட்டன் ஜன்னல் மாட்டுன சாப்ட்வேரும் நெறைய இருக்குது, அதுலயும் கோடெக் (சுருக்கற முறை) என்ன கன்டெய்னர் (ஃபைல் வகை) என்னன்னுதான் மொதல்ல கேக்கும். ஊருக்கே கும்மி சொல்லிக்குடுக்கற மனுசி ஒரு பாட்ட எடுக்க என்னைய எதுக்குங்க எதிர்பாக்கோணும்? அவங்களே எடுக்கற மாதிரி ஆச்சுன்னா அஞ்சும் போடறேன்.

இன்னொன்னுங்க, வீடியோ அனுப்பறவங்கள வாட்ஸப்ல டாகுமெண்டா அனுப்பச் சொல்லுங்க. சும்மா வீடியோவா அனுப்புனா அங்கயே ஒருக்கா சுருங்கித்தான் உங்க கைக்கு வரும், அதுக்கப்பறம் எந்த சாப்ட்வேர்ல எடுத்தாலும் அவ்வளவுதான்.