லீஃப் பட்டை சஸ்பென்ஷன்: நெடுநாள் அனுபவம், பெரும்பாலும் ஒரு புஷ்ஷைப் பற்றி

"பின் பட்டையில் ரப்பர் புஷ் மறுபடியும் போய்விட்டது. இந்தத் தடவை பாலியூரித்தேன் போட்டுவிடலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் வண்டியும் என் வண்டியும் ஒரே அமைப்பு: ஏணிச் சட்டம், முன்னால் காயில் ஸ்பிரிங் (சுருள் வில்), பின்னால் லீஃப் பட்டை (எஃகுப் பட்டைகளை அடுக்கிய வில்), முன்னும் பின்னும் முழு ஆக்சில். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வண்டியில் எனக்குத் தீராத எரிச்சல் என்று ஒன்று உண்டென்றால் அது இந்தப் புஷ்தான், அதாவது பட்டையைச் சட்டத்தோடு இணைக்கும் போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் உருளை. அதனால் கொஞ்சம் நீளும்.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காட்டுப் பாதைக்கு லீஃப் பட்டை போல முரட்டுச் சாமான் வேறு இல்லை. பாரம் தாங்கும் வேலையையும் ஆக்சிலை இடத்தில் பிடித்து வைக்கும் வேலையையும் அது ஒன்றே பார்த்துக்கொள்கிறது. இரண்டாம் பட்டையின் முனை மெயின் பட்டையின் கண்ணை (போல்ட் நுழைய முனையில் சுருட்டிய வளையத்தை) சுற்றி வளைந்திருக்கும் செட்டாக இருந்தால், மெயின் பட்டை கண்ணருகே உடைந்தாலும் ஊர்ந்து வீடு வந்து சேரலாம். சேறு, கல், பாரம் எதற்கும் அது அசருவதில்லை. அதன் கண்ணுக்குள் இருக்கும் கையளவு ரப்பர்தான் அசருகிறது.

அந்த ரப்பர் புஷ் பேரிங் போலச் சுழலும் பொருள் இல்லை. வெளியே ஓர் இரும்பு ஓடு, உள்ளே போல்ட் நுழையும் ஸ்லீவ் என்ற குழாய், நடுவே ரப்பர். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியவை. ஓடு பட்டையின் கண்ணுக்குள் இறுகி உட்கார்ந்திருக்கும். போல்ட்டை முறுக்கியதும் ஸ்லீவ் பிராக்கெட்டின் இரண்டு காதுகளுக்கு நடுவே அசையாமல் மாட்டிக்கொள்ளும். அதன் பிறகு பட்டை ஏறி இறங்குவதெல்லாம் ரப்பர் முறுகிக் கொடுப்பதால்தான் நடக்கிறது. போல்ட்டை இறுக்கிய நேரத்தில் பட்டை எந்தக் கோணத்தில் இருந்ததோ, ரப்பருக்கு அதுதான் ஓய்வு நிலை.

கோபம் வருவது இங்கேதான். பட்டறையில் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே இம்பாக்ட் கன்னை வைத்து ஒரே இழுப்பில் இறுக்கிவிடுகிறார்கள். கீழே இறக்கினால் பட்டை தட்டையாகிறது. வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் பாதி முறுகிப் போயிருக்கும். பள்ளத்தில் விழும்போது மீதியும் முறுகிக் கிழியும். கழற்றிய புஷ்ஷைப் பார்த்தாலே எதனால் செத்தது என்று ஊகிக்கலாம். வயதாகிப் போனதில் முகப்பில் ரப்பர் பொடிப்பொடியாக வெடித்திருக்கும். முறுகிச் செத்ததில் ஸ்லீவைச் சுற்றி வளையமாகக் கிழிந்திருக்கும். விரலை விட்டுத் திருப்பினாலே ஸ்லீவ் தனியாகச் சுழலும். நல்ல புஷ்ஷில் கையால் அது அசையவே அசையாது. சாமான் மட்டமென்று திட்டி மூன்றாவது கம்பெனி புஷ்ஷைத் தேடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

சரியான முறை ஒன்றும் பெரிய வித்தையில்லை. சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு, ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி. புது புஷ் ஏறியதும் முன் கண், பின் கண், ஷேக்கிள் (பின் கண்ணைச் சட்டத்தோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) மேல்முனை மூன்றிலும் போல்ட்டைச் செருகி, நட்டை வாஷர் தொடும் வரை மட்டும் கையால் ஏற்றுங்கள். பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டை முழுதாக முறுக்கலாம். சக்கரம் மாட்டி வண்டியைத் தரையில் இறக்கி, ஓரடி முன்னும் பின்னும் தள்ளி, பின் பம்பரில் ஏறி நின்று நன்றாக நாலு குலுக்கு குலுக்குங்கள். பட்டை தன் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் டார்க் ரெஞ்சோடு (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) அடியில் போக வேண்டும். அடியில் இடம் போதாவிட்டால் ஸ்டாண்டுகளை ஆக்சில் குழாய்க்கு அடியில் மாற்றிவையுங்கள். பட்டையின் மேல் அதே பாரம்தான் இருக்கும். பின்னால் நிரந்தரமாகக் கருவிப்பெட்டி வைத்திருப்பவர்கள் அதையும் இறக்காமல் இறுக்க வேண்டும். டார்க் அளவு வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள்.

கழற்றுவதுதான் உண்மையான பாடு. தண்ணீரில் இறங்கி ஏறும் வண்டியில் போல்ட்டும் ஸ்லீவும் துருவால் ஒன்றாகிவிடும். நட்டு கழன்றுவிடும், போல்ட் தலையும் திரும்பும், ஆனால் போல்ட் வெளியே வராது. அடித்தால் ரப்பர் குதித்து அடியையெல்லாம் விழுங்கிவிடும். முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஊறவையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பிராக்கெட் காதுக்கும் கண்ணுக்கும் இடையில் ரம்பத்தை விட்டு போல்ட்டை இருபுறமும் அறுப்பதே வழி. பெட்ரோல் டேங்கும் பிரேக் பைப்பும் பக்கத்திலேயே இருப்பதால் கேஸ் கட்டிங் வேண்டாம். ரப்பரை எரித்து எடுப்பதும் வேண்டாம். அந்தப் புகை மூச்சுக்கு ஆகாது, சூடு பட்டையின் பதத்தையும் கெடுக்கும். ரப்பரில் வரிசையாகத் துளை போட்டு ஸ்லீவைத் தட்டி எடுத்துவிட்டு, ஓட்டின் உட்புறம் ஹேக்சாவால் ஒரு நீள வெட்டு போட்டால், உளி வைத்ததும் ஓடு உள்ளே மடங்கிக் கழன்றுவிடும். வெட்டு ஓட்டோடு நிற்க வேண்டும். கண்ணில் ஒரு கீறல் விழுந்தால் பின்னாளில் பட்டை அந்த இடத்தில்தான் முறியும். புதிய போல்ட்டின் வழவழப்பான உடம்பில் ஆன்டி-சீஸ் (துருவால் ஒட்டாமல் தடுக்கும் பசை) தடவுங்கள், மரையில் வேண்டாம். மரை வழுக்கினால் அதே டார்க்கில் போல்ட் அதிகமாக இழுபடும்.

இனி பாலியூரித்தேன், ரப்பரைவிடக் கடினமான பிளாஸ்டிக். அது கண்ணோடும் ஸ்லீவோடும் ஒட்டியிருப்பதில்லை, ஸ்லீவின் மேல் வழுக்கிச் சுழலும். அதனால் தொங்கவிட்டு இறுக்கினாலும் கிழியாது. பட்டறையை நம்ப முடியாதவர்களுக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கிரீஸ் காய்ந்ததும் கீச்சென்று கத்த ஆரம்பிக்கும். கழற்றி, மண்ணைத் துடைத்து, அதற்கென்றே வரும் சிலிக்கான் வகை கிரீஸை மறுபடி தடவ வேண்டும். கிரீஸ் நிப்பிள் உள்ள போல்ட் கிடைத்தால் பாதித் தொல்லை தீரும். கல்லில் ஒரு சக்கரம் மேலே, ஒன்று கீழே என்று ஆக்சில் திருகும்போது ரப்பர் எல்லாப் பக்கமும் நெளிந்து கொடுக்கும். பாலியூரித்தேன் அந்த அளவுக்குக் கொடுக்காது, மிச்ச விசை பிராக்கெட்டுக்குப் போகும். முன் ஆக்சிலைச் சட்டத்தோடு இணைக்கும் ரேடியஸ் ஆர்மில் கட்டாயம் ரப்பரையே வைத்திருங்கள்.

புஷ்ஷைவிட ஆபத்தானது யூ போல்ட், அதை யாரும் கவனிப்பதில்லை. ஆக்சிலைப் பிடித்திருப்பது பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் என்று பலர் நினைக்கிறார்கள். அது இடம் காட்டும் முளை மட்டுமே. பிரேக்கும் இழுவையும் தரும் விசையைத் தாங்குவது யூ போல்ட்டின் இறுக்கம். அது தளர்ந்தால் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு ஆக்சில் நகரும், வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும். யூ போல்ட் தட்டின் ஓரத்தில் செம்பழுப்புத் தூள் கசிந்திருந்தால் அங்கே ஏதோ அசைகிறது என்று பொருள். கழற்றிய யூ போல்ட்டை மறுபடி போடாதீர்கள், அது ஏற்கெனவே இழுபட்டது. புதியதைக் குறுக்குக் குறுக்காக மூன்று சுற்றில் முறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி டார்க் பாருங்கள்.

பட்டை சத்தத்துக்குப் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றும் வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். எண்ணெயில் மணல் ஒட்டினால் பட்டைகளுக்கு நடுவே உப்புத்தாள் வைத்ததற்குச் சமம், வழிந்து வந்தால் ரப்பரையும் ஊதவைக்கும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, பட்டை முனைகளில் தேய்ந்த நைலான் வில்லைகளை மாற்றினாலே பெரும்பாலும் சத்தம் அடங்கும். ஷாக் அப்சார்பர் விஷயத்தில் ஒன்று மட்டும்: மேல் நட்டைக் கழற்றும்போது பிஸ்டன் ராடைப் பிளையரால் பிடிக்காதீர்கள். குரோமில் ஒரு கீறல் போதும், சீல் போய்விடும்.

தீர்ப்பு? பின்னால் பட்டை என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு இடத்தில் புஷ். நான்கு ஆர்மும் ஒரு பேனார்டு ராடும் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) உள்ள காயில் அமைப்பில் பத்து இடத்தில். செலவு, எளிமை, உறுதி எல்லாக் கணக்கிலும் பட்டைதான் ஜெயிக்கிறது. இருந்தும் புது வண்டி வாங்கப் போகிறேன் என்று யாராவது கேட்டால் பின்னாலும் காயில் இருப்பதைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். துருப்பிடித்த அந்த முன் கண் போல்ட்டை அண்ணாந்து படுத்து அறுத்தவர்களுக்குக் கணக்கு உறைக்காது. நண்பருக்கு: ரப்பரே போடுங்கள், தரையில் நிறுத்தி இறுக்கச் சொல்லி, இறுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். புஷ் ஆர்டர் போடும்போது போல்ட்டும் நட்டும் சேர்த்தே போட்டுவிடுங்கள், பழையது முழுசாக வெளியே வராது.