மறியலால் வந்தவனும் ஒரு அப்பிள் மரமும்: ‘ஆடம்ஸ் அப்பிள்ஸ்’

மறியலால் வந்தவன் திருந்துகிற கதை நமக்குப் புதிதில்லை. சிறைக் கேட்டுக்கு வெளியே வருவான், மகள் ஞாபகம் வரும், பழைய கூட்டாளிகள் விடமாட்டார்கள், கடைசிச் சண்டையில் இரத்தம் சிந்திக் கணக்கைத் தீர்ப்பான். 2005 இல் டென்மார்க்கில் வெளிவந்த ‘ஆடம்ஸ் அப்பிள்ஸ்’ அந்தப் பாதையால் போகவேயில்லை. இதில் வருகிறவனுக்குத் திருந்துகிற எண்ணமே கிடையாது. தன்னை இறக்கிவிட்டுப் போகிற பஸ்ஸின் பக்கத் தகட்டை நீளத்துக்குக் கீறிக்கொண்டுதான் கதைக்குள் வருகிறான். 94 நிமிடப் படம். குற்றமும் சிரிப்பும் கலந்த படங்களுக்குள் இதை முதல் வரிசையில் வைக்கலாம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வாசிகசாலையிலோ பாடசாலை மண்டபத்திலோ படம் போட்டுக் கதைக்கிறவர்கள் ஒருமுறையாவது போட வேண்டியது. ஆனால் இரண்டு மூன்று இடங்களில் கவனம் வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

எழுதி இயக்கியவர் அன்டர்ஸ் தோமஸ் யென்சன். குறும்படத்துக்காக 1999 இல் ஒஸ்கார் வாங்கியவர். முழுநீளப் படம் என்று பார்த்தால் இது அவருக்கு மூன்றாவது. ஆடமாக உல்ரிக் தொம்சன். போதகர் இவானாக மட்ஸ் மிக்கெல்சன். மிக்கெல்சனை 2006 இல் வந்த ஜேம்ஸ் பொண்ட் படத்தின் வில்லனாக மட்டும் அறிந்தவர்கள் இங்கே அவரை அரைக் காற்சட்டையோடு கலகலவென்று கதைக்கிற போதகராகப் பார்த்துக் கொஞ்சம் தடுமாறுவார்கள். பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

ஆடம் ஹிட்லரைக் கும்பிடுகிற கூட்டத்தைச் சேர்ந்தவன். விடுதலையானவனை ஒரு நாட்டுப்புறத் தேவாலயத்தில் சில காலம் தங்கவைக்கிறார்கள். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவன் குன்னர், ஒரு காலத்தில் ரெனிஸ் வீரன், இப்போது குடியும் களவும். மற்றவன் காலித், பெற்றோல் செட்களைக் கொள்ளையடித்தவன். இங்கே தங்கியிருக்கும் நாளில் என்ன செய்து முடிக்கப் போகிறாய், ஒரு இலக்குச் சொல் என்று போதகர் கேட்கிறார். ஆடம் பகிடியாக, அப்பிள் கேக் சுடப் போகிறேன் என்கிறான். போதகர் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. முற்றத்து அப்பிள் மரம் இனி உன் பொறுப்பு, பழம் முற்றும்வரை காத்துக் கேக் சுடு என்று எழுதிக் கொள்கிறார்.

படத்தின் கெட்டித்தனம் முழுவதும் இந்த இடத்தில் இருக்கிறது. திருந்துவது என்ற பெரிய சொல்லை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகக் கையால் தொடக்கூடிய ஒரு வேலையை வைக்கிறார் யென்சன். ஒரு மரம், இத்தனை பழம், ஒரு கேக். மாம்பிஞ்சுக் காலத்தில் வௌவாலுக்கு வலை கட்டினவருக்கும், வேளாண்மைக்குக் காவல் இருந்து யானை விரட்டினவருக்கும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. முதலில் காகம் வருகிறது. காகத்தை விரட்டினால் பழத்துக்குள் புழு. அதற்குப் பிறகு இடி. மரத்தோடு முடிந்ததா என்றால், கேக் சுட வேண்டிய அடுப்பும் பழுதாகிறது. ஒவ்வொரு இடையூறும் கதையை ஒரு படி தள்ளுகிறது. காகம் கலைக்கிற காட்சியைத் தனியே எடுத்துப் பாருங்கள். காலித் துப்பாக்கியைத் தூக்குகிறான், காகங்கள் விழுகின்றன, அவற்றோடு மரத்தில் இருந்த குன்னரின் பூனையும் விழுகிறது. அந்த ஒரு காட்சியில் மூன்று காரியம் முடிந்துவிடுகிறது: சீர்திருந்த வந்தவனிடம் இன்னும் துப்பாக்கி இருக்கிறது என்று தெரிகிறது, குன்னருக்கு இருந்த ஒரே ஆறுதல் போகிறது, பார்க்கிறவர் சிரித்த வாயை மூட முடியாமல் தவிக்கிறார். எழுதப் பழகுகிறவர்கள் இந்தக் காட்சியை நாலு தரம் போட்டுப் பார்க்கலாம்.

விடிய விடிய வட்டக்களரியைச் சுற்றி இருந்து கூத்துப் பார்த்த சனத்துக்கு இந்தப் பின்னல் இலகுவாகப் பிடிபடும். வடமோடிக் கூத்தில் போரும் சாவும் நடக்கிற அதே இரவில் கட்டியகாரன் வந்து சிரிக்கவைப்பான். சனம் சிரித்துக் களைத்த பிறகு விழுகிற சாவு இன்னும் பலமாகத் தைக்கும். ஆனால் கூத்தில் சிரிப்புக்கு ஆள் வேறு, சாவுக்கு ஆள் வேறு. யென்சன் இரண்டையும் ஒரே ஆளுக்குள் வைத்திருக்கிறார். இவான் வாய் திறந்தால் சிரிப்பு வரும். அவர் வாழ்க்கையைக் கேட்டால் அழுகை வரும். மனைவி தற்கொலை செய்துகொண்டவள், அவர் அதைத் தற்செயல் என்கிறார். மகனால் அசையவோ கதைக்கவோ ஏலாது, அவர் அவனைத் துடியாட்டம் மிகுந்த பொடியன் போல் நடத்துகிறார். ஆடம் அவரைப் போட்டு அடிக்கிறான். இரத்தம் வடிய எழும்பி வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த வேலையைக் கதைக்கிறார். காட்சிக்குக் காட்சி அந்த முகத்தில் பிளாஸ்ரர் கூடிக்கொண்டே போகிறது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. சிரிப்பு அந்த மௌனத்தால் வருகிறது. நடிகர்கள் ஒருவரும் கொமடி செய்வதில்லை. அடி விழுந்ததும் கமரா முகத்துக்குக் கிட்டப் போய் நம்மைச் சிரிக்கச் சொல்வதுமில்லை. தமிழில் இந்த வகைப் படங்கள் பல வழுக்குவது இங்கேதான். ஒரு கொலை நடந்ததும் பக்கத்தில் நிற்கிறவர் கண்ணை உருட்டுவார், பின்னணியில் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் வரும். சிரிப்பும் போய்விடும், கொலையின் பாரமும் போய்விடும்.

கதையின் எலும்பு, வேதப்புத்தகத்தில் வருகிற யோபுவின் புத்தகம். ஆடமின் அறையில் இருக்கிற வேதப்புத்தகம் கீழே விழும்போதெல்லாம் யோபுவின் பக்கத்தில்தான் திறக்கிறது. பிள்ளைகளையும் மந்தைகளையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் இருந்த யோபுவை ஞாயிறு பாடசாலைக்குப் போன எல்லாருக்கும் தெரியும். கோயில் முற்றத்தில் அரிச்சந்திரன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கும் அந்தச் சோதனை அந்நியமில்லை. படத்தில் இவான், தனக்கு வந்த துன்பம் எல்லாம் சாத்தானின் வேலை என்று நம்பி, அந்த நம்பிக்கையில் நிற்கிறார். ஆடம் புத்தகத்தை வாசித்துவிட்டுப் போய், உன்னைச் சோதிப்பது சாத்தான் இல்லை, கடவுளேதான் என்று சொல்லிக் காட்டுகிறான். யோபுவின் புத்தகத்தில் சாத்தான் கைவைப்பதே கடவுளிடம் அனுமதி வாங்கித்தான் என்பதால், அந்த வாதத்துக்கு இவானிடம் மறுமொழி இல்லை. மனிதன் உடைந்து போகிறார்.

இனித்தான் படம் திரும்புகிறது. போதகர் படுத்ததும் அந்த வீடே குலைகிறது. அவரவர் பழைய குணத்துக்குப் போகிறார்கள். பொய்யை உடைத்துவிட்டேன் என்று நிற்கிற ஆடமுக்கு, அந்தப் பொய் எத்தனை பேரைத் தாங்கி நின்றது என்று அப்போதுதான் விளங்குகிறது. அவனுக்குக் கனவில் யாரும் வந்து புத்தி சொல்வதில்லை, ஒரு பெண்ணின் காதலும் அவனை மாற்றுவதில்லை. தான் உடைத்த ஆளைத் தானே நிமிர்த்த வேண்டிய நிலை வருகிறது, அந்த வேலையில் ஆள் மாறிப் போகிறான். நமது ஊரில் மறியலால் வருகிறவருக்கு வெளிநாட்டு வேலை என்றால் பொலிஸ் சான்றிதழ் என்று முதல் கதவு மூடுகிறது. கூலி வேலைக்குப் போனாலும் ஊர் கண்ணால் அளக்கிறது. திருந்திவிட்டாயா என்று கேட்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இந்த மரத்தைப் பார் என்று ஒப்படைக்க ஆள் குறைவு. அதனால் இந்தப் படம் இங்கே ஓடினால் கதைக்க நிறைய இருக்கும்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. பெரிய குறை காலித் பாத்திரம். முஸ்லிம், வெளிநாட்டான், துப்பாக்கி, கோபம் என்று நாலு கோட்டில் வரைந்து விட்டிருக்கிறார்கள். ஆடம் அவனைப் பார்த்துச் சொல்லும் ஏச்சுகள் ஆடமின் அழுக்கைக் காட்டத்தான் வருகின்றன என்றாலும், காலித்துக்கு என்று ஒரு உள்மனதைப் படம் கடைசிவரை தரவில்லை. குன்னருக்குக் கிடைத்த இரக்கத்தில் பாதி அவனுக்குக் கிடைத்திருந்தால் படம் இன்னும் உயர்ந்திருக்கும். தமிழரும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருக்கிற இந்தக் கரையில், கல்முனையிலோ ஏறாவூரிலோ போடும்போது இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். முடிந்த பிறகு சமாளிக்கப் பார்த்தால் காயம்தான் மிஞ்சும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை வைத்து வருகிற பகிடிகளும் அப்படித்தான். அப்படி ஒரு பிள்ளையை வளர்க்கிற பெற்றோர் சபையில் இருக்கக்கூடும். சாரா என்ற கர்ப்பிணிப் பெண்ணின் பகுதி மெலிவு, அவசரமாகக் கட்டியிருக்கிறார்கள். கடைசிப் பகுதியில் வரும் மருத்துவ அதிசயத்தை வைத்தியசாலையில் வேலை செய்கிறவர்கள் ஏற்பது கடினம். என்றாலும் யோபுவின் கதையும் எல்லாம் திரும்பக் கிடைப்பதோடுதான் முடிகிறது என்பதை நினைத்தால் அது தப்பித்தல் போலத் தெரியாது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்தப் படம் வேண்டாம்.

இனிப் போடுகிற வேலை. பேச்சு டேனிஷ், எனவே வசன எழுத்துச் சரியில்லாவிட்டால் படமே இல்லை. அடிக்கடி நடக்கிற பிழை, எழுத்து தொடக்கத்தில் சரியாக வந்து போகப்போகப் பிந்துவது அல்லது முந்துவது. ஐரோப்பிய டிவிடி நொடிக்கு 25 சட்டம் (பிரேம்), வேறு பிரதிகள் 23.976 அல்லது 24. 100 க்கு 4 அளவில் வேகம் மாறுகிறது. 94 நிமிடப் படத்தின் முடிவில் எழுத்து கிட்டத்தட்ட 4 நிமிடம் தள்ளி நிற்கும். படம் ஓட்டுகிற விஎல்சி மென்பொருளில் ஜி, எச் விசைகளை அழுத்தினால் 50 மில்லிநொடியாகத்தான் நகரும்; அது எல்லா வரியும் ஒரே அளவு பிந்தும்போது உதவும், போகப்போகக் கூடுகிற பிழைக்கு உதவாது. சப்டைட்டில் எடிட் மென்பொருளில் சட்ட வேகத்தை மாற்றிச் சேமியுங்கள். பிறகு முதல் வசனம், நடு வசனம், கடைசி வசனம் மூன்றையும் ஓடவிட்டுப் பாருங்கள். மூன்றும் வாயோடு பொருந்தினால் சரி.

தமிழில் எழுத்துப் போட விரும்புகிறவர்கள் கோப்பை யுரிஎப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி பெட்டியாக வரும். ஒரு வரிக்கு 35 எழுத்துக்கு மேலே, ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேலே வேண்டாம். இவானின் பேச்சை நல்ல உபசாரத் தமிழில் எழுதுங்கள். ஆடமின் பேச்சைக் கட்டையாக, இரண்டு மூன்று சொல்லில். இருவருக்கும் ஒரே தமிழ் கொடுத்தால் சிரிப்பு செத்துவிடும். ஏச்சுச் சொற்களை மழுப்பவும் வேண்டாம், ஊரில் ஒரு சமூகத்துக்கு எதிராக உண்மையில் புழங்குகிற சொல்லை எடுத்து வைக்கவும் வேண்டாம்.

இராக்காட்சிகளும் இருட்டறைக் காட்சிகளும் உண்டு. 100 அங்குலத் திரைக்கு 3000 லூமென் வெளிச்சம் தரும் புரொஜெக்டர் இருந்தால் நல்லது. மண்டபமென்றால் ரியூப்லைற்றை அணைத்து, யன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள். வெளியில் போடுகிறவர்கள் ஏழு மணிக்கு முதல் தொடங்க வேண்டாம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் துணித்திரை பாய் மாதிரிப் புடைக்கும்; கீழ் விளிம்பில் ஒரு குழாயைக் கோத்து இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினால் நிற்கும். கார்த்திகை, மார்கழி மழையில் வெளித்திரையை நினைக்கவே வேண்டாம்.

படத்தில் இடைவேளை இல்லை. தேத்தண்ணிக்கு நிறுத்தத்தான் வேண்டுமென்றால் நிமிடம் பார்த்து நிறுத்தாமல், ஆடம் யோபுவை வாசித்து முடித்த இடத்தில், அவன் போதகரிடம் கதைக்கப் போக முதல் நிறுத்துங்கள். அந்த உரையாடலுக்குள் வெட்டினால் பாரம் போய்விடும். கடைசியில் ஒரு வாகனத்துக்குள் பழைய காதல் பாட்டு ஓடும். அதைக் கண்டதும் படம் முடிந்துவிட்டது என்று நினைத்து லைற்றைப் போடுகிற ஆள் எல்லா மண்டபத்திலும் ஒருவர் இருப்பார். சுவிச்சுக்குப் பக்கத்தில் முதலே ஒருவரை இருத்திவிடுங்கள். ஆடமின் முகத்தைப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.