ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போடும் முன்

பி.காம் சி.ஏ. இரண்டாம் ஆண்டு முடிக்கப் போகிறவர்கள் கொஞ்சம் நின்று படித்துவிட்டுப் போங்கள். ஆடிட்டர் ஆபீஸில் இன்டர்ன்ஷிப் என்று நம்பிப் போய் 7,500 ரூபாயையும் நாற்பது நாளையும் தொலைத்த கதை இது. பணம் போனால் போகிறது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்த இரண்டு காகிதங்கள்தான் இன்னும் தூக்கத்தைக் கெடுக்கின்றன. அதற்கு வருகிறேன்.

எங்கள் படிப்பில் இருக்கும் சி.ஏ. கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். சொந்தக்காரர்களிடம் அதை விளக்கி ஜெயிக்க முடியாது, "பாப்பா சி.ஏ. படிக்குதுங்க, ஆடிட்டர் ஆயிரும்" என்று கல்யாண வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அவரும் திருத்த மாட்டார். எனக்கும் டிகிரி முடித்துவிட்டு நிஜமாகவே சி.ஏ., அதாவது சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் பரீட்சை எழுத ஆசை இருந்ததால், கோடை விடுமுறை இன்டர்ன்ஷிப்பை ஒரு ஆடிட்டர் ஆபீஸில்தான் செய்வது என்று பிடிவாதமாக இருந்தேன்.

2025 ஏப்ரல் கடைசியில் ஒரு போர்டு கண்ணில் பட்டது. 'ஆடிட்டர்ஸ் அண்ட் டாக்ஸ் கன்சல்டன்ட்ஸ்', கீழே ஒரு தாளில் 'மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப் உண்டு, ஸ்டைபண்ட் உண்டு'. மேலே போனால் ஏசி அறையில் சார். நன்றாகத்தான் பேசினார். பேங்க் ஆடிட்டுக்குக் கூட்டிப் போவோம், டாக்ஸ் ஆடிட் கற்றுத் தருவோம், மாதம் 4,000 தருவோம், இந்த நாற்பது நாள் பின்னாடி உன் ஆர்ட்டிகிள்ஷிப்பில் கழிந்துவிடும், இப்போதைக்கு ட்ரெயினிங் ஃபீஸ் 7,500 மட்டும் கட்டிவிடு என்றார். சார் சி.ஏ.வா என்று அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, "அப்புறம் என்னங்க, இருபது வருஷமா ஆடிட் பண்ணிட்டிருக்கேன்" என்று சிரித்தார். கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை என்பது அன்றைக்கு எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை. பணத்தை ஜிபேயில் ஒரு தனி நம்பருக்கு அனுப்பச் சொன்னார்கள். ரசீது கேட்டதற்கு, ஜிபேயிலேயே இருக்குமே கண்ணு என்றார்கள். ஐடி கார்டு போட என்று ஆதார், பான் ஜெராக்ஸ் வாங்கினார்கள். ஐடி கார்டு கடைசி வரை வரவில்லை.

இப்போது தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அவர் சொன்ன ஒவ்வொரு வரியிலும் ஓட்டை. பேங்க் பிராஞ்ச் ஆடிட் ஏப்ரல் மாதத்திலேயே பெரும்பாலும் முடிந்துவிடும், மே மாதம் சேருகிறவளை எந்த பேங்குக்குக் கூட்டிப் போவார்? டாக்ஸ் ஆடிட்டில் சி.ஏ. மட்டும்தான் கையெழுத்துப் போட முடியும். ஆர்ட்டிகிள்ஷிப் என்பது சி.ஏ. இன்டரில் இரண்டு குரூப்பும் பாஸ் செய்த பிறகு, சி.ஏ.க்களுக்கான இன்ஸ்டிடியூட்டில் (ஐசிஏஐ) முறையாகப் பதிவு செய்து ஒரு சி.ஏ.விடம் இரண்டு வருடம் செய்யும் பயிற்சி. காலேஜ் லீவில் நாற்பது நாள் உட்கார்ந்தது அதில் ஒரு நாளாகக்கூடக் கழியாது.

சரி, வேலை என்ன? மொத்தம் நாலு பேர் இன்டர்ன்கள், இரண்டு கம்ப்யூட்டர். காலை பத்து மணிக்கு பெரிய பாலிதீன் கவரில் பில்லை அப்படியே கொட்டுவார்கள். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று ஜாப் ஒர்க் பில், நடுவில் டீக்கடைச் சீட்டு, ஒரு தடவை யாரோ ஒருவரின் பிளட் டெஸ்ட் ரிப்போர்ட். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் எஃப்9 அழுத்தி பர்ச்சேஸ் என்ட்ரி, அடுத்தது, அடுத்தது. 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 2பி, அதாவது சரக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் ஜிஎஸ்டி பட்டியல், வந்ததும் அதை எக்செலில் இறக்கி எங்கள் என்ட்ரியோடு ஒத்துப் பார்க்க வேண்டும், 20ஆம் தேதி 3பி என்ற மாத ஜிஎஸ்டி கணக்கைப் போடும் வரை இரவு எட்டு மணிக்குக்கூட விட மாட்டார்கள். எட்டரைக்கு மேல் பஸ் ஏறி அவிநாசி போய்ச் சேரும்போது அம்மா வாசலிலேயே நிற்கும். 2பி ஒத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டது உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அது ஒரே வாரத்தில் வந்துவிட்டது. மீதி நாளெல்லாம் அவர்களுக்குச் சம்பளமில்லாத டேட்டா என்ட்ரி ஆள், அதுவும் பணம் கட்டிச் சேர்ந்த ஆள்.

கடைசி நாள் அங்கே வேலை செய்கிற அக்கா என் முன்னால் இரண்டு வவுச்சரை, அதாவது பணம் வாங்கியதற்குக் கையெழுத்துப் போடும் சீட்டை, வைத்தார். ஓரத்தில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஏற்கனவே ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் 9,800. "எனக்கு 4,000 தானேக்கா?" என்று கேட்டேன். "நாலு பேருக்கும் சேர்த்து உன் பேர்லயே போட்டிருக்கு, சார் சாயங்காலம் வந்து பிரிச்சுக் கொடுத்துருவாரு, போடு" என்றார். ஸ்டாம்ப் மேல் பாதியும் காகிதத்தில் பாதியுமாகக் கையெழுத்து விழ வேண்டும் என்று அவரே விரல் வைத்துக் காட்டினார். போட்டேன். போட்டதோடு விட்டேனா, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து போட்டோ எடுத்து, முதல் சம்பளம் என்று அம்மாவுக்கு வாட்ஸப்பில் வேறு அனுப்பினேன்.

சாயங்காலம் சார் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. சர்டிஃபிகேட்டை மட்டும் கொடுத்துவிட்டார்கள்.

அதைக் காலேஜில் கொடுத்தபோதுதான் அடுத்த அடி. படிவத்தில் 'சி.ஏ. ஃபர்ம்' என்று எழுதியிருந்தேன், கோஆர்டினேட்டர் மேடம் லெட்டர்ஹெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மெம்பர்ஷிப் நம்பர் எங்கே, ஃபர்ம் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் எங்கே என்றார். பெயருக்குப் பின்னால் எம்.காம்., ஜிஎஸ்டி பிராக்டிஷனர், அவ்வளவுதான். மேடமே இன்ஸ்டிடியூட்டின் தளத்தில் அவர் பெயரைத் தேடினார், இல்லை. இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஜிஎஸ்டி பிராக்டிஷனராக இருப்பதில் எந்தக் குறையும் இல்லை, அரசாங்கமே பதிவு கொடுக்கிற தொழில்தான், எங்கள் ஊரில் வரிக் கணக்குப் பார்க்கும் எல்லோரையும் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் சி.ஏ. இல்லாத ஒருவர் தன்னை சி.ஏ. என்று காட்டிக்கொள்வது 1949ஆம் வருடச் சட்டப்படி குற்றம். எங்கள் சார் வாயால் சொல்லவில்லை, சொல்ல வைத்துவிட்டார்.

அப்பா அரை நாள் லீவு போட்டுக்கொண்டு வந்தார். "ஏனுங்க சார், பொண்ணுக்குக் காசு வரலீங்களே" என்று கேட்டதற்கு, "வாங்கிட்டுத்தானே போச்சு, ஸ்டாம்ப் மேல கையெழுத்து இருக்குதுங்க" என்றார் அவர். அப்பா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வரும் வழியில் பேக்கரியில் டீ வாங்கிக் கொடுத்தார், அதுதான் திட்டு வாங்கியதை விட மோசமாக இருந்தது.

மேடம் புண்ணியத்தில் பூஜை விடுமுறையோடு சேர்த்து ஒரு உண்மையான சி.ஏ. அலுவலகத்தில் பதினைந்து நாள் போனேன். பைசா கேட்கவில்லை. மூன்றாம் நாள் வவுச்சிங், அதாவது கணக்கில் உள்ள செலவை வவுச்சரோடு சரிபார்ப்பது. ஆர்ட்டிகிள் அண்ணா ஒருவர் கேஷ் வவுச்சர் கட்டைப் பிரித்துப் போட்டு, "9,700, 9,900, 9,800. எதுக்கு எல்லாம் இப்படியே இருக்கு, சொல்லு பார்ப்போம்" என்றார். எனக்குத் தெரியவில்லை. ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அந்தச் செலவை ஏற்க மாட்டார்கள், அன்றைய சட்டத்தில் 40ஏ(3) பிரிவு, அதனால் பத்தாயிரத்துக்குள் உடைத்து உடைத்துப் போடுவார்கள் என்றார். அப்புறம், "வவுச்சர்ல உள்ள ஆள் நெஜமா இருக்காங்களான்னே சில சமயம் சந்தேகமா இருக்கும்" என்று சிரித்தார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அம்மாவுக்கு அனுப்பிய போட்டோவைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். வவுச்சரின் தலைப்பில் இருந்தது அந்த ஆபீஸின் பெயரே இல்லை, நான் பில் என்ட்ரி போட்ட ஒரு நிட்டிங் யூனிட்டின் பெயர். 'லேபர் சார்ஜ்'. தேதி ஒன்றில் 14.03.2025, இன்னொன்றில் 22.03.2025. மார்ச்சில் நான் காலேஜில் இன்டர்னல் எழுதிக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவரின் மார்ச் கணக்கை முடிக்க, அந்த யூனிட்டில் வேலை செய்து கூலி வாங்கிய ஆளாக நான் போயிருக்கிறேன்.

அந்த சி.ஏ. சாரிடம் காட்டினேன். திட்டினார், பிறகு அவரே ஒரு கடிதம் சொல்லச் சொல்ல எழுத வைத்தார்: இந்தத் தொகையை நான் வாங்கவில்லை, அந்த யூனிட்டில் வேலை செய்யவும் இல்லை என்று. ஒன்று அந்த ஆபீஸுக்கு, ஒன்று யூனிட்டுக்கு, ஸ்பீடு போஸ்டில். ரசீதும் நகலும் பத்திரமாக இருக்கின்றன. வருமான வரித் தளத்தில் என் பெயரில் பதிவான வரவு, பரிவர்த்தனைகளைக் காட்டும் ஏஐஎஸ் பார்க்கச் சொன்னார், ஜிஎஸ்டி தளத்தில் பான் நம்பரை வைத்துத் தேடினால் அந்த பானில் யாராவது ரெஜிஸ்ட்ரேஷன் எடுத்திருக்கிறார்களா என்று தெரிந்துவிடும், அதையும் பார்க்கச் சொன்னார். இதுவரை இரண்டிலும் ஒன்றுமில்லை. மாதம் ஒருமுறை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் போகும் இடம் சி.ஏ. ஆபீஸ்தானா என்று சேருவதற்கு முன்பே பாருங்கள், இன்ஸ்டிடியூட் தளத்தில் தேட ஐந்து நிமிடம் போதும், சந்தேகமிருந்தால் திருப்பூரிலேயே இன்ஸ்டிடியூட்டின் கிளை இருக்கிறது, போய்க் கேட்கலாம். ஃபீஸ் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஜெராக்ஸ் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எதற்காக என்று குறுக்கே எழுதி, தேதி போட்டுக் கொடுங்கள். வவுச்சர் நீட்டினால் பணத்தை முதலில் எண்ணுங்கள், தலைப்பில் யார் பெயர் என்று படியுங்கள்.

போன வாரம் பஸ்ஸில் அந்தப் பக்கமாகப் போனேன். மாடிப்படிக்குக் கீழே பழைய தாளைக் கிழித்துவிட்டு புதிதாக ஒட்டியிருக்கிறார்கள். 'கோடை இன்டர்ன்ஷிப், இடங்கள் குறைவு.'